பட்டோலா ஸ்கார்ஃபாம்! பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்க பாப்போம்

தறிநாடா: நேத்து இங்க ஒருத்தர் "ஆண்களுக்கான லக்சரி பட்டு ஸ்கார்ஃப், அசல் பட்டோலா மாதிரியே, நம்ம பாரம்பரியத்தோட உச்சம்"னு போட்டோ போட்டிருந்தார். பாத்ததுலேர்ந்து எரிச்சல் அடங்கல. ஒரு முனை மடிஞ்சிருக்கு, பின்பக்கம் வெளுத்துத் தெரியுது. அசல் பட்டோலா குஜராத்ல பாட்டன்ங்கற ஊர்ல நெய்யற பட்டு; பாவு (நீள இழை), ஊடை (குறுக்கு இழை) ரெண்டையும் நெய்யறதுக்கு முன்னாடியே நூலால கட்டிச் சாயம் போடுவாங்க, அதனால ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். இது வெறும் பிரிண்ட்.

கழுத்துப்பட்டை: அந்த ஒருத்தர் நான்தான், பேர் சொல்லியே திட்டலாம். பின்பக்கம் வெளுப்பே இல்ல, லைட்டிங். துணி என் கையில இருக்கு, உங்க கையில இல்ல.

தறிநாடா: முன்பக்கத்தை விட்டுட்டு பின்பக்கத்தை மட்டும் வெளுக்கற லைட்டா? எங்க கிடைக்குது அது?

பட்டுப்புழு: நல்ல ஸ்க்ரீன் பிரிண்ட்ல சாயம் பின்னாடி வரைக்கும் இறங்கும். பிரான்ஸ் கம்பெனி எர்மேஸ் 1937லேர்ந்து பட்டு ஸ்கார்ஃப் போடறான், பிரிண்ட்தான், அது லக்சரி இல்லியா? ஓரத்தைக் கையால சுருட்டித் தைச்சிருக்கான்னு பாருங்க, அதான் முக்கியம்.

தறிநாடா: எர்மேஸ் பிரிண்ட்டை பிரிண்ட்னே சொல்லி விக்கறான். பேச்சு பின்பக்கத்தைப் பத்தி, ஓரத்தைப் பத்தி இல்ல. பாட்டன்ல கொஞ்சம் நெய்ததும் தறியை நிறுத்தி, ஊசியால பாவு இழையை ஒவ்வொண்ணா நகர்த்தி டிசைனைச் சேப்பாங்க, ஒரு புடவைக்கு மாசக்கணக்குல ஆகும், அப்படியும் பூவோட விளிம்புல லேசா ஒரு கலங்கல் இருக்கும், அதுதான் அழகே. உங்க போட்டோவைப் பெருசாக்கிப் பாத்தேன், விளிம்பு பிளேடால வெட்டின மாதிரி இருக்கு, துணியில சாய்வா கோடு ஓடுது, அது ட்வில்ங்கற நெசவு. பட்டோலா ட்வில்ல நெய்யறதே இல்ல.

கழுத்துப்பட்டை: ட்வில்தான் கழுத்துல நிக்கும், முடிச்சு வழுக்காது. கட்டிப் பழகினவனுக்குத் தெரியும். போன மாசம் கழுத்து டை விஷயத்துலயும் இப்படித்தான் குதிச்சீங்க, கடைசில பதிலே வரல.

தறிநாடா: டை பேச்சை இழுக்காதீங்க, அங்க பதில் சொல்லாம ஓடினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். பின்பக்கம் போட்டோ எங்க?

சும்மா_வந்தேன்: பட்டோலா பொம்பளைங்க புடவை தானே, ஆம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்?

தறிநாடா: யாரு சொன்னா? இதே துணி கப்பலேறி இந்தோனேசியா போச்சு, ஜாவா அரண்மனைல ஆம்பளைங்களும் உடுத்தினாங்க. தெரிஞ்சுக்கிட்டு வாங்க.

சும்மா_வந்தேன்: கேள்வி கேட்டா கடிக்கறீங்க. உங்களுக்கு மட்டும்தான் நெசவு தெரியுமா?

பட்டுப்புழு: அவருக்கு எப்பவும் அந்த நினைப்பு உண்டு. ஓரம் பத்தி நான் கேட்டதுக்கு இன்னும் பதில் இல்ல.

கழுத்துப்பட்டை: ஓரம் கையால சுருட்டினதுதான், தையல் உள்ள மறைஞ்சிருக்கு, தொட்டா புடைப்பா இருக்கு. பாரம்பரியத்தை மதிச்சு ஒருத்தன் காசு போட்டு வாங்கிக் கட்டறான், அதையும் குத்தம் சொன்னா என்ன பண்றது?

தறிநாடா: மதிச்சீங்கன்னா பாட்டன்ல நெய்யறவங்க பேரை ஒரு வரி எழுதியிருப்பீங்க. 2013ல புவிசார் குறியீடு வாங்கின துணி அது. அவங்க மாசக்கணக்கா உக்காந்து செய்யறதை மெஷின்ல அடிச்சுட்டு "அசல் மாதிரியே"ன்னா எனக்குப் பத்திக்கிட்டு வருது. பின்பக்கத்தை வெளிச்சத்துல வச்சு ஒரு போட்டோ, அவ்வளவுதான் கேக்கறேன்.

கழுத்துப்பட்டை: உங்களுக்கு நான் எதுக்கு நிரூபிக்கணும்?

தறிநாடா: போட்டோ?

பட்டுப்புழு: முதல்ல ஓரத்துக்குப் பதில் சொல்லுங்க சார்.