புதுப்பிப்பு: ஓர்கா கன்று ஈனும் விகிதம், கணக்கு சரியாகிவிட்டது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நான் கேட்டது இதுதான்: அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கடலோரத்து ஓர்காக்களை (கொலையாளித் திமிங்கலங்களை) 1976 முதல் ஆண்டுதோறும் புகைப்படத்தில் அடையாளம் கண்டு எண்ணுகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு பதிவிலிருந்து இரண்டு ஈற்றுகளுக்கு இடைப்பட்ட ஆண்டுகளின் சராசரியை எடுத்தால், நலிந்துவரும் ஒரு கூட்டத்துக்குப் பொருந்தாத அளவு குறைவாக வந்தது. ஏன்?

"இன்னும் முடியாத இடைவெளிகளை ஏன் தூக்கிப் போட்டீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருந்தாரே, கோளாறு அங்கேதான். ஒரு தாய் 2010இல் ஈன்று, பதிவு முடியும்வரை மறுபடி ஈனவில்லை என்றால் அது என் கணக்கிலேயே இல்லை. அடிக்கடி ஈன்றவை மட்டும் மிஞ்சின. சராசரியை விட்டுவிட்டு, ஒவ்வொரு பெண் ஓர்காவுக்கும் ஆண்டுக்கு ஒரு வரி போட்டு, ஈன்றதா இல்லையா என்று மட்டும் குறித்தேன். சரியாகிவிட்டது.

சரியாகிவிட்டது என்று நினைத்தேன். இப்போது விகிதம் அதலபாதாளத்தில்! காரணம் பாட்டிகள். ஓர்காக்கள் சுமார் 40 வயதில் ஈனுவதை நிறுத்திவிட்டு, அதன் பிறகும் பல பத்தாண்டுகள் வாழக்கூடியவை. அவற்றை நீக்கியதும் எண் நம்பும்படி வந்தது.

அப்புறம், இது கருவுறும் விகிதம் அல்ல. மோப்ப நாயைப் படகில் ஏற்றி, மிதக்கும் சாணத்தைத் தேடி எடுத்து ஹார்மோன் அளந்த ஆய்வில், 2008–2014 காலத்தில் தெரியவந்த கருக்களில் 69% வரை பலிக்கவில்லை. புகைப்படத்தில் வருவது, படமெடுக்கும் படகு அங்கே போய்ச் சேரும்வரை உயிரோடிருந்த கன்று மட்டுமே.