பாஸ்போ டிடிபி-43 ஆன்டிபாடி: மூன்று முறை போட்டும் மெம்ப்ரேன் வெறுமை, குப்பி செத்துப்போச்சா?

ஹெப்பால்_வாசி:
பெங்களூரில் பிஎச்டி இரண்டாம் வருடம். ஏஎல்எஸ் (தசையை இயக்கும் நரம்பு செல்கள் அழியும் நோய்) நோயில் வரும் டிடிபி-43 புரதத்தில் வேலை. அதன் 409, 410-ஆம் இடங்களில் இருக்கும் செரின் அமினோ அமிலங்கள் இரண்டிலும் பாஸ்பேட் ஏறியதை மட்டும் பிடிக்கிற ஆன்டிபாடி ஆறு வாரம் கழித்து வந்து சேர்ந்தது, பெட்டியைத் திறந்தால் ஐஸ் பேக் எல்லாம் உருகித் தண்ணீர். விலை? என் ஒரு மாத ஃபெலோஷிப் போச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எச்-எஸ்ஒய்5ஒய் செல்களுக்கு (நரம்பு செல் மாதிரியாக லேபில் வளர்ப்பவை) 0.5 மில்லிமோலார் ஆர்சனைட் என்ற நச்சை ஒரு மணி நேரம் கொடுத்து, ரிப்பா டிடர்ஜென்ட் பஃபரில் உடைத்து, சென்ட்ரிஃப்யூஜ் செய்து, மேலே நிற்கிற தெளிவை எடுத்து வெஸ்டர்ன் (புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து, மெம்ப்ரேனில் ஏற்றி ஆன்டிபாடியால் தேடுவது) போட்டேன். மெம்ப்ரேனில் கண்டபடி ஒட்டாமலிருக்கச் செய்கிற பிளாக்கிங்குக்கு 5% பால் பவுடர். மூன்று தடவையும் ஒன்றுமே இல்லை, துடைத்துவிட்ட கரும்பலகை மாதிரி. பொதுவான டிடிபி-43 ஆன்டிபாடி அதே சாம்பிளில் 43 கிலோடால்டனில் பளிச்சென்று பட்டை காட்டுகிறது, 35, 25 பக்கமும் மங்கலாக ஏதோ. கைடு "புதுசு வாங்கு" என்கிறார். வாங்கலாமா?

பழைய_போஸ்ட்டாக்:
வாங்காதே தம்பி. ஐஸ் உருகியதற்காக ஆன்டிபாடி ஒன்றிரண்டு நாளில் சாகாது. நீ தேடுகிற பொருள் உன் ட்யூபில் இல்லை, அதுதான் விஷயம்.

நல்ல செல்லில் இந்தப் புரதம் நியூக்ளியஸுக்குள் இருந்துகொண்டு ஆர்என்ஏவைப் பிடித்து ஸ்ப்ளைசிங்கைக் கவனிக்கும். நோயாளியின் நியூரானில்தான் நியூக்ளியஸ் காலியாகி, சைட்டோபிளாசத்தில் பாஸ்பேட் ஏறிய கட்டியாகச் சேர்கிறது. 2006-இல் ஏஎல்எஸ், எஃப்டிடி (ஒரு வகை டிமென்ஷியா) இரண்டிலும் இதைக் கண்டுபிடித்தார்கள். ஒரு மணி நேர ஆர்சனைட்டில் அந்தக் கட்டியை எதிர்பார்க்கக் கூடாது. அப்படியே கொஞ்சம் உண்டாகியிருந்தாலும் அது ரிப்பாவில் கரையாது, அடியில் படிந்திருக்கும். அந்த பெல்லட்டை என்ன செய்தாய்?

ஹெப்பால்_வாசி:
தூக்கிப் போட்டுவிட்டேன் அண்ணா 😬 மூணு தடவையும்.

பழைய_போஸ்ட்டாக்:
எல்லாரும் ஒருமுறை செய்கிற தப்புதான். அடுத்த முறை 1,00,000 ஜி-யில் சுற்றி, பெல்லட்டை ரிப்பாவில் ஒருமுறை கழுவி, 7 மோலார் யூரியா பஃபரில் கரை. யூரியா சாம்பிளைக் கொதிக்க வைக்காதே, ஐஸிலும் வைக்காதே, கல்கண்டு மாதிரி படிகமாகிவிடலாம். உடைக்கும் பஃபரில் பாஸ்பட்டேஸ் (பாஸ்பேட்டைக் கழற்றும் என்சைம்) இன்ஹிபிட்டர் போட்டாயா? அது இல்லையென்றால் பாஸ்பேட் எல்லாம் உன் கண்முன்னாலேயே கழன்றுவிடும். பாசிட்டிவ் கன்ட்ரோலுக்கு (பட்டை வந்தே ஆக வேண்டிய சாம்பிள்), நியூக்ளியஸுக்குள் போகும் சிக்னலைக் கெடுத்த டிடிபி-43-ஐ அதே செல்லில் ஏற்றிப் பார். நிம்ஹான்ஸில் மூளைத் திசு வங்கி இருக்கிறது, எதிக்ஸ் அனுமதி வாங்க உன் கைடுக்குப் பொறுமை இருந்தால் அங்கேயும் கேட்கலாம்.

ஜெல்_ராணி:
பாலைப் பற்றி யாருமே சொல்லவில்லையே! நந்தினி பால் காபிக்கு நல்லது, பாஸ்போ ஆன்டிபாடிக்கு வேண்டாம். பாலில் இருக்கும் கேசினே பாஸ்பேட் நிறைந்த புரதம், ஆன்டிபாடி அதையும் பிடித்துப் பின்னணியைக் கெடுக்கலாம். பிளாக்கிங்குக்கு 5% பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்), கழுவ டிபிஎஸ்-ட்வீன் பஃபர். பட்டை வந்தால் உடனே கொண்டாடாமல், ஒரு பங்கை லாம்ப்டா பாஸ்பட்டேஸில் வைத்து மறுபடி ஓட்டுங்கள், பட்டை மறைய வேண்டும்.

அப்புறம் அந்த 35, 25. நோயில் வரும் 25 துண்டு பெரும்பாலும் சி முனைப் (புரதச் சங்கிலியின் கடைசி) பக்கத்தது, அதில் என் முனை (N, சங்கிலியின் தொடக்கம்) இருக்காது. என் முனைக்கு எதிரான ஆன்டிபாடி அதைப் பார்க்கவே பார்க்காது. அதனால் உங்கள் பொது ஆன்டிபாடி எந்த அமினோ அமிலப் பகுதிக்கு எதிரானது என்று டேட்டாஷீட்டில் பாருங்கள் (மொத்த நீளம் 414). உண்மைத் துண்டா, வெறும் ஒட்டலா என்று தெரிய டிடிபி-43 உற்பத்தியைக் குறைக்கிற எஸ்ஐஆர்என்ஏ நாக்டவுன்தான் வழி: 43 மங்கும்போது அவையும் சேர்ந்து மங்கினால் சரி. ஜீனையே நீக்குகிற முழு நாக்அவுட்டுக்குப் போகாதீர்கள், டிடிபி-43 இல்லாமல் செல்லே தாங்காது.

ஹெப்பால்_வாசி:
நன்றி அக்கா, அண்ணா. டேட்டாஷீட்டைப் பார்த்தேன், பொது ஆன்டிபாடி சி முனைக்குத்தான். மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரைக் கிளறினதில் போன மாதம் வீச மறந்த பெல்லட் ஒரு ட்யூப் கிடைத்தது, லேபிளில் பாதி அழிந்து "ஆர்ச" என்று மட்டும் இருக்கிறது. இன்று இரவு யூரியா, பிஎஸ்ஏ. கைடிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.