மிளகாய்ச் செடியில் மாவுப்பூச்சி, வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. தொட்டியில வச்சிருக்கிற ரெண்டு மிளகாய்ச் செடியிலயும் மாவுப்பூச்சி. இலைக்காம்பு தண்டோட சேர்ற இடுக்குல பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கு, தொட்டா விரல் பிசுபிசுக்குது. எறும்பு வேற வரிசையா ஏறுது. மாவுப்பூச்சி விடுற இனிப்புத் திரவத்துக்காக எறும்பே பூச்சிக்குக் காவல் நிக்கும், அதையும் தடுக்கணும்.

லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, வெயில் இறங்கினதும் இலையோட அடிப்பக்கம் நனையுற மாதிரி வாரம் ஒருதடவை அடிக்கிறேன். மூணு வாரமாச்சு. குறையுது, மறுபடி வந்துடுது.

வேர்லயும் இருக்குமோ? மண்ணை மாத்தணுமா? பக்கத்துத் தொட்டியில புதினா இருக்கு, அதனால ரசாயன மருந்து வேண்டாம். இப்பதான் முதல் பூ விட்டிருக்கு, செடியைப் பிடுங்க மனசே வரலை. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.