ஸ்கூட்டிச் சாவி பிள்ளையின் கைக்குப் போகும்போது: மட்டக்களப்புப் பக்கத்து அனுபவப் பகிர்வு

கல்லடிக்காரன்:
18 வயது முடியாமல் சாவி கொடுக்கிற பேச்சே வேண்டாம். பிடிபட்டால் பிள்ளையோட வாகனச் சொந்தக்காரரும் நீதிமன்றப் படி ஏற வேண்டிவரும். விபத்தெண்டால் காப்புறுதியும் கைவிரிக்கும். எழுத்துப் பரீட்சை பாஸாகி ட்ரயலுக்குப் போக எப்படியும் மூன்று மாதம் இருக்கு. அந்த மூன்று மாதத்தையும் எட்டுப் போடவே செலவழிக்கிறாங்க. றோட்டில மாடு குறுக்க வந்தால் எட்டு உதவாது, பிரேக்தான் உதவும்.

வெறும் மைதானத்தில மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில வந்து நிற்கப் பழக்குங்க. இரண்டு பிரேக்கையும் சேர்த்து முதலில மெல்ல அமத்தி, பாரம் முன்னுக்கு வந்த பிறகு இறுக்க வேணும். சடாரெண்டு முன்பிரேக்கைப் பிடிச்சால் முன்சில்லு பூட்டி விழுத்திப்போடும். அந்தப் பயத்தில பின்பிரேக்கை மட்டும் பிடிக்கிற பிள்ளைகள்தான் கூட. நிற்கிற நேரம் பாரம் முன்னுக்குப் போறதால பின்சில்லுக்குப் பிடி இல்லை, இழுத்துக்கொண்டு போகும்.

காத்தான்குடியான்:
தம்பி சொன்னது சரி. வேகக் கணக்கையும் பிள்ளைக்குக் காட்டிக் கொடுங்க. 40இல ஓடினால் ஒரு செக்கனுக்கு 11 மீற்றர். கண்டு, யோசிச்சு, பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை செக்கன் எண்டு வைங்க: 17 மீற்றர் போயிட்டு. காய்ஞ்ச தாரில நிற்க இன்னும் 10. மொத்தம் 27. அதே பிள்ளை 60இல வந்தால் 25உம் 24உம், கிட்டத்தட்ட 50 மீற்றர். சட்டம் ஊருக்குள்ள 50 வரைக்கும் விடுது. முதல் ஆறு மாதம் வீட்டுச் சட்டம் 40 எண்டு வைங்க.

நேரமும் முக்கியம். மாரியில ஈரமில்லாத இடம் தேடி மாடுகள் இரவில தார் றோட்டிலதான் படுக்கும். மாரிபோக அறுவடை தொடங்கினால் பின்லைற் இல்லாத உழவு மெசின் பெட்டியும், ஓரத்தில காயப்போட்ட நெல்லும். அதனால முதல் மாதங்களில மஃரிபுக்கு, அதாவது பொழுதுபட்ட தொழுகைக்குப் பிறகு கல்முனை மெயின் றோட்டு வேண்டாம். கூட்டாளியைப் பின்னுக்கு ஏத்துறதும் வேண்டாம். நூறு கிலோ வண்டியில இன்னும் அறுபது கிலோ ஏறினால் பழகின பிரேக் வேற பிரேக் ஆகிடும். கூட்டாளி கொடுக்கிற உசுப்பு வேற.

கராஜ் வேலையாள், களுவாஞ்சிக்குடி:
பிள்ளையைக் குடையாதீங்க, வண்டியைப் பாருங்க. பின்டயரில ஓரிடம் மட்டும் தட்டையாத் தேய்ஞ்சிருந்தால் சில்லைப் பூட்டி இழுத்திருக்கார். பிரேக் லீவர் நுனியில புதுக்கீறல் இருந்தால் எங்கயோ விழுந்து எழும்பியிருக்கு. கண்ணாடி இரண்டும் உள்ளுக்கு மடிச்சிருந்தால் வாகனங்களுக்கு நடுவால புகுந்து ஓடுறார். ரியூசனுக்குப் போய்வர 6 கிலோமீற்றர், மீற்றரில 25 ஏறியிருந்தால் மிச்சத்தைக் கேட்கலாம்.

ஜிபிஎஸ் பூட்டச் சொல்லி வாற அப்பாமாருக்கு: அது சும்மா நிற்கிற நேரமும் கரண்ட் குடிக்கும். 20 மில்லி அம்பியர் எண்டால் ஏழு நாளில 3 அம்பியர் மணித்தியாலத்துக்கு மேல. சின்ன ஸ்கூட்டி பற்றரியே அவ்வளவுதான். லீவில நிற்பாட்டி வைச்சால் ஸ்டார்ட் வராது. வண்டி நிண்டால் உறங்குற மாதிரியானதாப் பார்த்து வாங்குங்க. வேக எச்சரிக்கையை 50இல வைங்க. பூட்டினதைப் பிள்ளைக்குச் சொல்லிப்போட்டே பூட்டுங்க. ஒளிச்சு வைச்சதைக் கண்டால் வயரைப் பிடுங்கிப்போட்டு “பழுதாப் போச்சு” எண்டுதான் கொண்டு வருவாங்க.

ஆரையம்பதி அம்மா:
ஹெல்மெட்டில எஸ்எல்எஸ் எண்ட இலங்கைத் தர முத்திரை இருக்கா பாருங்க. பூட்டின பட்டிக்கும் நாடிக்கும் இடையில இரண்டு விரலுக்கு மேல போகக்கூடாது. ஒரு தரம் பலமா அடிபட்டதை மாத்திடுங்க. வெளியில கீறல் மட்டும்தான் தெரியும், உள்ள ரெஜிபோம் நசிஞ்சிருக்கும்.

தாய்மாருக்கு ஒண்டு. எட்டு மணிக்கு வகுப்பு முடியும் எண்டால் எட்டு அஞ்சுக்குப் போன் அடிக்காதீங்க. அந்த நேரம் பிள்ளை றோட்டில. போனை ஹெல்மெட்டுக்குள்ள செருகிக்கொண்டு ஒரு கையால ஓடும். வெளிக்கிட முந்தி பிள்ளையே ஒரு மிஸ்ட் கோல் அடிக்கட்டும்; அரை மணித்தியாலம் பொறுத்திருந்து, வராட்டிப் பிறகு எடுங்க. பிந்தி வந்ததுக்கு வாசலிலயே ஏசினால் அடுத்த நாள் அந்தப் பத்து நிமிசத்தை வேகத்தில பிடிக்கப் பார்க்கும். மழை எண்டால் “அங்கயே நில்லு மனே, அப்பா வாறார்” எண்டு முன்னுக்கே சொல்லி வைங்க. அப்பா கூட்டிவரப் போன பிறகு செலவுக் கணக்கும் காலத்தின் கோலமும் பேசாதீங்க. பிறகு அடுத்த மழைக்குக் கூப்பிடாது.