ஜரினா வீட்டு கப்போர்டு (குடும்ப வாட்ஸ்அப் குழு. காக்கா: அண்ணன், லாத்தா: அக்கா, சாச்சா: சித்தப்பா, உம்மா: அம்மா)

ஜரினா: அஸ்ஸலாமு அலைக்கும். ஆசாரி படம் போட்டு அனுப்பிட்டாரு. ரூம்ல தெக்குச் சுவர் பூரா கப்போர்டு, 10 அடி நீளம், மேல பரண். நாளைக்கு அட்வான்ஸ் கேக்குறாரு. எல்லாரும் பாத்துச் சொல்லுங்க 🙏

துபாய் காக்கா: வ அலைக்கும் ஸலாம். மாஷா அல்லாஹ், நல்லாருக்கு. ஸ்லைடிங் கதவா போட்டுரு. இங்க எல்லா ஃபிளாட்லயும் அதான்.

பெரிய லாத்தா: அங்க ஏசி நிக்காம ஓடுது காக்கா. கீழக்கரையில ஜன்னலத் தொறந்தா உப்பும் மணலும்தான் உள்ள வரும். ட்ராக்ல மணல் ஏறுனா அப்புறம் கதவ ரெண்டு பேரு சேந்து தள்ளணும் 😄

சாச்சா: ஸ்லைடிங் இருக்கட்டும், மொதல்ல அந்தத் தெக்குச் சுவரே வேணாம்மா. கடலப் பாத்த வெளிச்சுவர் அது. கச்சான் காத்து அடிக்கிற மாசமெல்லாம் உப்பு அதுல வந்து படியும். சுவர் ஓதம் இழுத்து, கப்போர்டு முதுகு வழியா துணிக்குப் போகும். ஹாலுக்கும் ரூமுக்கும் நடுவுல உள்ள சுவருக்கு மாத்து.

ஜரினா: நடுச்சுவர் 7 அடிதானே சாச்சா. எடம் பத்தாதே.

பெரிய லாத்தா: பத்தும். படத்த உள்ள பெருசாக்கிப் பாத்தியா? பூரா தட்டு. துணி மாட்டுற எடம் ஒண்ணே ஒண்ணு, அதுவும் 40 இஞ்ச் உயரம். அது சட்டைக்குச் சரியான அளவு. நீ போடுறது 56 சைஸ் அபாயா, 56 இஞ்ச் நீளம். ஹேங்கர் கொக்கியோட சேத்தா 60ஐத் தாண்டும். அடியில சுருண்டு கெடக்கும், தெனம் இஸ்திரி போட்டுக்கிட்டே இரு.

ஜரினா: 🙈 ஆசாரி அபாயாவ நெனச்சே பாக்கல போல

பெரிய லாத்தா: அவருக்கு எப்படித் தெரியும், நாமதான் சொல்லணும். என்னென்ன வைக்கப்போறேன்னு கட்டில்ல எடுத்துப் போட்டு எண்ணு. அப்புறம் படம்.

சாச்சா: 7 அடின்னா 84 இஞ்ச். நாலாப் பிரி, ஒவ்வொண்ணும் 21. ஒண்ணு அபாயாவுக்கு, தட்டே வேணாம், நெடுக. ஒண்ணுல மேல ஒரு ராடு கீழ ஒரு ராடு, மாப்பிள்ளை சட்டைக்கு. அந்த 40 இஞ்ச் இங்கதான் சரி. மத்த ரெண்டுலயும் தட்டும் ட்ராவும். தட்டு அகலம் கம்மியா இருந்தா பட்டுச் சேலை பாரத்துக்குத் தொய்யாது. ஆழம் 2 அடிக்குக் கொறையக்கூடாது, கொறஞ்சா ஹேங்கர் கதவுல இடிக்கும்.

உம்மா: சஹன் தட்டு தேக்சா பாத்திரம் எல்லாம் எங்க

ஜரினா: பரண்ல உம்மா

உம்மா: பரண் கதவு சின்னது பெரிய தேக்சா வாய் போகாது அளந்தியா

பெரிய லாத்தா: 😂😂 இது பாயிண்ட்

சாச்சா: உங்க உம்மா சொல்றது சரி. பரண்ல ரெண்டு ரெண்டு கதவாச் சேத்து, நடுவுல கட்டை இல்லாமப் போடச் சொல்லு.

துபாய் காக்கா: தண்ணி தாங்குற மரைன் பிளைவுட்னு எழுதியிருக்காரே, அப்ப கவலை இல்லல்ல?

சாச்சா: எழுதுறது எல்லாரும் எழுதுவாங்க. பலகையில ஐஎஸ் 710ன்னு முத்திரை இருக்கான்னு பாக்கணும், அதான் மரைன் பிளைக்கு உள்ள தர எண். 303ன்னு இருந்தா அது வேற தரம். அந்த 710க்கு 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணியில போட்டுச் சோதிக்கணும்னு விதி. சந்தேகமா இருந்தா ஒரு துண்டு வாங்கி நாமளே சட்டியில போட்டு வேக வச்சுப் பாக்கலாம், ஒட்டு விட்டா தெரிஞ்சுரும்.

பெரிய லாத்தா: என் வீட்டு ரெடிமேட் பீரோ மரத்தூள் பலகை. வீடு கழுவுன தண்ணி ஏறி அடிப்பக்கம் தேத்தண்ணியில போட்ட வரிக்கி மாதிரி ஊதிப்போச்சு. கடைக்காரன் போனையே எடுக்கல. ஜரினா, அடியில 4 இஞ்சுக்கு செங்கல் மேடை கட்டி டைல்ஸ் ஒட்டிரு. மரம் தரையத் தொடவே கூடாது.

சாச்சா: முதுகுப் பலகைக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு இஞ்ச் விடு. உள்பக்கமும் மைக்கா ஒட்டச் சொல்லு. வெறும் பலகையா விட்டா வாடை மாசத்துல பூஞ்சை புடிக்கும், பாச்சை உருண்டை போட்டெல்லாம் தீராது.

துபாய் காக்கா: கீல் நான் இங்கேருந்து வாங்கி அனுப்பவா?

சாச்சா: அனுப்பு. எஸ்எஸ் 304ன்னு கேளு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகம். ஸ்க்ரூவும் அதே வேணும். கீல் நல்லதா இருக்கும், கூட வர்ற ஸ்க்ரூ இரும்பா இருக்கும், மொதல்ல துரு வடியுறது அங்கதான். காந்தம் வச்சுப் பாரு, பச்சக்குன்னு ஒட்டுனா வேணாம்.

துபாய் காக்கா: எத்தனை?

சாச்சா: 7 அடி உயரக் கதவு நாலுக்கு 4 வீதம் 16. பரண் கதவு நாலுக்கு ரெண்டு ரெண்டா 8. மொத்தம் 24.

ஜரினா: அப்ப நாளைக்கு அட்வான்ஸ்?

பெரிய லாத்தா: புதுப் படம் வரட்டும்டி. அதுக்குள்ள என்ன அவசரம்?

சாச்சா: பூச்சே இன்னும் காயல. காஞ்சு பெயிண்ட் அடிச்சப்புறம் மேல, நடுவுல, கீழன்னு மூணு எடத்துல அளக்கணும். நம்ம கொத்தனார் சுவர் நேரா இருந்ததா சரித்திரமே இல்ல. நாளைக்கு அஸர் தொழுதுட்டு வர்றேன், ஆசாரியையும் வரச் சொல்லு.

ஜரினா: சரி சாச்சா 👍 கண்ணாடி?

துபாய் காக்கா: வெளியில ஃபுல்லா போடு, ரூம் பெருசாத் தெரியும்

உம்மா: கட்டிலுக்கு நேரா கண்ணாடி வேணாம்

ஜரினா: அபாயா கதவுக்கு உள்பக்கம் போட்டுக்குறேன் உம்மா