ஐப்பசி மழையும் வளைந்த போகிமான் கார்டும்

கோத்தகிரியிலிருந்து:

உதகை மாரியம்மன் தேர்த் திருவிழாவில் சிறுவயதில் ஐந்து ரூபாய்க்கு வாங்கிய, போகிமான் சீட்டு விளையாட்டின் சாரிசார்ட் கார்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. சிறகு விரித்து நெருப்பு உமிழும் அந்த ஆரஞ்சு மிருகத்துக்கு, எவ்வளவு அடி தாங்கும் என்பதைச் சொல்லும் உயிர்ப்புள்ளி 1200 என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் 1999-இல் வந்த முதல் தொகுப்பில் 102 கார்டுகள். அதில் நான்காம் எண்ணான அசல் சாரிசார்டுக்கு 120தான். அந்த ஒற்றைப் பூஜ்ஜியத்தை வைத்துக்கொண்டு வகுப்பையே தோற்கடித்தவன் நான்.

போன வருடம் மகனுக்காகக் கோவையில் அசல் பாக்கெட் வாங்கினேன். அதில் ஒரு மினுமினுப்புக் கார்டு வந்தது. பையன் இரண்டு நாள் அதைத் தலையணைக்கு அடியிலேயே வைத்திருந்தான். ஐப்பசி பிறந்தது. எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் வெளுத்து வாங்கும். நான்கு நாள் வெயிலே இல்லை. ஐந்தாம் நாள் பார்த்தால், மேசைமேல் படம் தெரிய வைத்திருந்த கார்டின் ஓரங்கள் கிண்ணம்போல எழும்பி நிற்கின்றன. பையன் அழுகிறான். "டப்பாவில் அடைத்த வர்க்கியே நமுத்துப்போகிற ஊரில் காகிதம் மட்டும் விறைப்பாக நிற்குமா?" என்றார் அம்மா. யாருக்காவது இப்படி நேர்ந்ததா?

குன்னூரிலிருந்து:

அண்ணா, அம்மா சொன்னதே காரணம். மினுமினுப்புக் கார்டின் முன்பக்கத்தில் மெல்லிய தகடு இருக்கிறது. காகிதம் ஈரத்தை உறிஞ்சி விரியும், தகடு விரியாது. பின்பக்கம் நீள, முன்பக்கம் அப்படியே நிற்க, கார்டு படத்தின் பக்கமாக வளைகிறது. நான் காற்றுப் புகாத டப்பாவில் புது ஷூவோடு வரும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அள்ளிப் போட்டேன். ஒரு வாரத்தில் நிமிர்ந்தது. அத்தோடு எடுத்திருக்க வேண்டும். ஆசையில் ஒரு மாதம் விட்டேன். அளவுக்கு மீறிக் காய்ந்து எதிர்ப்பக்கமாக முதுகு தூக்கிக்கொண்டது! இப்போது ஒரே ஒரு பொட்டலம், கார்டுகள் உறைக்குள், மேலே கனமான அகராதி.

கூடலூரிலிருந்து:

தம்பி, எங்களுக்கு ஆனி, ஆடியிலேயே இந்தக் கூத்து தொடங்கிவிடும். மகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் நிமிர்த்திக் கொடுக்கிறேன் என்று என் வீட்டுக்காரர் இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். துணிக்கு அடியில் வைத்து ஒரே ஒரு இழுப்புதான். மேல்தகடு கொப்புளம் கொப்புளமாகப் பிரிந்துவிட்டது. மகள் அவரிடம் மூன்று நாள் பேசவில்லை. அதை மட்டும் செய்துவிடாதீர்கள். இன்னொன்று: உங்கள் 1200 சாரிசார்டின் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். அசல் கார்டின் நடுவில் கருமையான ஓர் அடுக்கு இருப்பதால் வெளிச்சம் அவ்வளவாக ஊடுருவாது.

கோத்தகிரியிலிருந்து:

டார்ச் அடித்தேன் அக்கா. சாரிசார்டின் வயிறு வழியாக என் விரலே தெரிகிறது. மகனுடைய கார்டு டப்பாவுக்குள் போய் ஆறு நாளாகிறது, பாதி நிமிர்ந்துவிட்டது. என் ஐந்து ரூபாய்ப் போலியில் தகடே கிடையாது; இருபது ஐப்பசி பார்த்தும் இம்மிகூட வளையாமல் மேசைமேல் மல்லாந்து கிடக்கிறது. பையன் அதை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.