ரஷ்ய நாட்டுப்பாடல் கொயர்: கடைசியில் ‘மி’ எங்கே போனது?

ஆல்டோ_வரிசை கேட்கிறார்:

ரஷ்யாவில் வரோனெஷ் நகரில் மருத்துவம் படிக்கிறேன், மூன்றாம் வருடம். ஊரில் சர்ச் கொயரில் ஆறு வருடம் ஆல்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) பாடிய தைரியத்தில் இங்கே ஒரு மாணவர் கொயரில் சேர்ந்துவிட்டேன். இப்போது ‘ஆஹ் தி, ஸ்தேப் ஷிரோகயா’ பழகுகிறோம். அகன்ற புல்வெளியையும் வோல்கா நதியையும் கூப்பிட்டுப் பாடும் பாட்டு.

முதல் வரியை ஒருவர் தனியாகப் பாடுகிறார், பிறகு எல்லோரும் சேர்கிறோம். என் ஆல்டோ வரி, பெண்களின் உயர்ந்த குரலான சோப்ரானோ பின்னாலேயே அலைகிறது, சில இடத்தில் அதே சுரத்தில் ஒட்டிக்கொள்கிறது, திடீரென்று விலகுகிறது. ஒவ்வொரு அடியின் முடிவிலும் எல்லாக் குரலும் ஒரே சுரத்தில் வந்து நிற்கிறது. சர்ச் பாமாலையில் வருவது மாதிரி, மூன்று சுரம் சேர்ந்து ஒலிக்கும் ‘தோ-மி-சோ’ நிறைவு இல்லை. ஜெராக்ஸில் வரி ஏதும் விட்டுப்போயிருக்குமோ? கேட்டால் கொயர் நடத்தும் மேடம் ‘பத்கலோசக்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். கமா வரும் இடத்தில் மூச்சு எடுத்தால் முறைப்பு வேறு.

பழைய_பாஸ்:

ஜெராக்ஸ் சரியாகத்தான் இருக்கிறது, தங்கச்சி. எண்பதுகளில் மாஸ்கோவில் படித்தபோது நானும் இதே சந்தேகத்தோடு நின்றவன்தான்.

பாமாலையில் மெட்டு சோப்ரானோவுடையது, மற்ற மூன்று குரலும் அதைத் தாங்குகிறவை. அதனால்தான் ஆல்டோ பாதி நேரம் ஒரே சுரத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. இங்கே அப்படி இல்லை. பத்கலோசக் என்றால் மெட்டிலிருந்தே கிளைத்த துணைக்குரல். உன் வரியை மட்டும் தனியாகப் பாடிப் பார், அதுவே முழுப் பாட்டாகக் கேட்கும். முதலில் தனியாக எடுத்துக் கொடுப்பவர் ‘ஸப்பெவாலா’. மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போய், அடி முடியும்போது ஒரே சுரத்திலோ அதன் மேல் ஸ்தாயியிலோ வந்து கூடுவார்கள். அங்கே போய் ‘மி’ வைத்தால் பாட்டு சர்ச்சுக்குள் போய்விடும்!

கிராமத்தார் இப்படிக் குரல் பிரிந்து பாடுகிறார்கள் என்பதை, படித்த இசைக்காரர்களே வெகுநாள் நம்பவில்லை. 1866இல் இசையமைப்பாளர் பலாகிரெவ் வெளியிட்ட 40 பாட்டுகள் ஒற்றை மெட்டும் பியானோவுமாக இருக்கின்றன. கிராமத்தார் சேர்ந்து பாடும்போது எழும் மற்ற குரல்களை மெல்குனோவ் என்ற பாட்டுத் தொகுப்பாளர் 1879இல் அச்சில் கொண்டுவந்தார். இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவுக்கு அந்தத் தொகுப்பு பிடிக்கவே இல்லை. அப்புறம் எவ்கேனியா லின்யோவா என்ற அம்மா 1897 முதல் ஃபோனோகிராஃப் என்ற ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார். மெழுகு உருளையில் பதிந்து வந்த பிறகு யார் என்ன வாதாட முடியும்? கிராமத்து மக்களையே 1911இல் மாஸ்கோ மேடையில் ஏற்றிய பியாத்னித்ஸ்கி, நீ இருக்கும் வரோனெஷ் வட்டாரத்துக்காரர்தான்.

ஸ்வேஷ்னிகோவ் கொயரின் பழைய ரெக்கார்டுகளையும் கேள். பட்டு மாதிரி இருக்கும். எனக்கு அதில் வயல்காட்டுப் புழுதி கொஞ்சம் கூடுதலாகவே துடைக்கப்பட்டுவிட்டதாகத் தோன்றும், இருந்தாலும் ராத்திரியில் கேட்பது அதைத்தான். ஆல்டோக்காரிக்கு இன்னொன்று: ரஹ்மானினோவ் 1926இல் எழுதிய ‘மூன்று ரஷ்யப் பாடல்க’ளில் கொயர் என்பதே ஆல்டோவும் பாஸும் (ஆண்களின் தாழ்ந்த குரல்) மட்டும்தான். சோப்ரானோவுக்கு வேலையே இல்லை.

மூச்சு விஷயத்துக்கு வருவோம். இங்கே அதற்கு ‘சங்கிலி மூச்சு’ என்று பெயர். எல்லோரும் கமாவில் மூச்சு எடுத்தால் பாட்டு அறுந்துவிடும். பக்கத்தில் நிற்பவள் பாடிக்கொண்டிருக்கும்போது, நீண்ட உயிரெழுத்தின் நடுவில் நீ சத்தமில்லாமல் விலகி மூச்சு எடுத்து, மெதுவாக உள்ளே வர வேண்டும். நீ விலகியதும் திரும்பி வந்ததும் யாருக்கும் தெரியக்கூடாது.

பனிக்காலம்:

அப்போ ‘கலின்கா’வும் இப்படித்தான் வந்ததா, அண்ணா?

பழைய_பாஸ்:

இல்லை. அது லரியோனோவ் என்பவர் 1860இல் எழுதியது. எல்லோரும் நாட்டுப்பாடல் என்று நினைக்கும் ‘வெச்செர்னி ஸ்வோன்’ இன்னும் வேடிக்கை. அயர்லாந்துக் கவிஞர் தாமஸ் மூர் எழுதிய மாலைமணிக் கவிதையை கஸ்லோவ் ரஷ்யனில் ஆக்கினார், அந்த வரிகளைத்தான் பாடுகிறார்கள். பாஸ்கள் ‘போம், போம்’ என்று மணி அடித்தே பெயர் வாங்கிவிடுவோம்.

ஆல்டோ_வரிசை:

நன்றி அண்ணா. நேற்று ஹாஸ்டல் சமையலறையில் என் வரியைத் தனியாகப் பாடிப் பார்த்தேன். நிஜமாகவே பாட்டாக இருந்தது. வாசலில் உட்காரும் பாட்டி உள்ளே வந்தார், சத்தத்துக்குத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு, இரண்டாம் அடியை அவரே எடுத்துக் கொடுத்தார். நான் சேர்ந்ததும் கையைக் காட்டி நிறுத்தி, “அவசரப்படாதே, நான் இன்னும் முடிக்கவில்லை” என்றார். மூன்று தடவை நிறுத்தினார். நாலாவது தடவை விட்டுவிட்டார். பருப்பு மட்டும் வேகாமல் போனது.